கல்லீரல் அறுவைக்கு முன்: சிடியா, எம்ஆர்ஐயா, பெட் ஸ்கேனா?

பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று கேட்டதும், எல்லாம் முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பரவிய கட்டிகளை முழுசாக வெட்டியெடுக்க முடிந்தால் பல ஆண்டுகள் வாழலாம். சிலர் குணமே ஆகிவிடுகிறார்கள். ஆனால் யாருக்கு வெட்டலாம்? கட்டி எத்தனை, எங்கெங்கே. வெட்டியபின் போதுமான கல்லீரல் மிஞ்சுமா. கல்லீரலுக்கு வெளியே நோய் உண்டா. ஸ்கேனிடம் இந்த மூன்றையும்தான் கேட்கிறோம். மூன்றுக்கும் ஒரே ஸ்கேனில் பதில் கிடைக்காது.

சிடியில்தான் தொடங்குவார்கள், அதுதான் சரி. ஒருமுறை மூச்சை அடக்குவதற்குள் நெஞ்சும் வயிறும் படமாகிவிடும். கட்டி எந்த ரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். மிஞ்சப்போகும் கல்லீரலின் அளவைக் கணக்கிடவும் இதுதான் கை கொடுக்கும். நல்ல கல்லீரலில் குறைந்தது 20–25 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். நீண்ட கீமோவுக்குப் பிறகு 30, சுருங்கி இறுகிய கல்லீரல் என்றால் 40. போதாது என்று தெரிந்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில், வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் கிளையை அடைத்துவிடுவார்கள். சில வாரங்களில் மறுபக்கம் வளரும், திரும்பவும் சிடியில் அளப்பார்கள். சிடி சறுக்குவது சின்னக் கட்டிகளில். அதுவும் கீமோவால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால், 1 சென்டிமீட்டருக்குக் குறைவானவை எளிதில் கண்ணில் படாது.

கல்லீரலுக்குள் என்ன இருக்கிறது என்பதில் என் ஓட்டு எம்ஆர்ஐக்குத்தான். கேடாக்ஸெடேட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றினால், கல்லீரல் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுமார் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் கல்லீரல் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். பரவிவந்த கட்டியில் கல்லீரல் செல் கிடையாது, அதனால் வெள்ளைத் துணியில் பொத்தல் விழுந்த மாதிரி கறுப்பாகத் தெரியும். சில மில்லிமீட்டர் கட்டிகூட இப்படி அகப்படும். கமினோ என்ற பன்னாட்டு ஆய்வில், சிடி பார்த்துத் திட்டம் போட்டிருந்த 298 பேருக்கு எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். 92 பேருக்குத் திட்டமே மாறியது. பத்தில் மூன்று பேருக்கு மேல்! நேரம் அதிகம் பிடிக்கும், பலமுறை மூச்சை அடக்க வேண்டும், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் தனி ஏற்பாடு தேவை. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இவற்றுக்காக எம்ஆர்ஐயைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் பெட் சிடி. புற்றுக்கட்டி போல சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் இடங்கள் இதில் ஒளிரும். கல்லீரலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் நோயைத் தேடத்தான் இது. உடல் முழுக்கப் பார்ப்பதால் இதுவே உசத்தி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. 2014இல் வெளியான, 404 நோயாளிகளிடம் நடந்த கனடா ஆய்வில், இதனால் அறுவைத் திட்டம் மாறியது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான். ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை. சளி போன்ற பொருளைச் சுரக்கும் கட்டிகள் சரியாக ஒளிராது. கீமோ முடிந்த சூட்டில் எடுத்தால் உயிருள்ள கட்டிகூட அணைந்த மாதிரி தோன்றும். வெளியே பரவியிருக்குமோ என்ற சந்தேகம் வலுவாக இருப்பவர்களுக்கு எடுக்கட்டும். எம்ஆர்ஐக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

எதை எடுப்பது என்பதைப் போலவே எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். எம்ஆர்ஐயைக் கீமோ தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. கீமோவில் சின்னக் கட்டிகள் படத்திலிருந்து மறைந்துபோவதுண்டு. சிடியில் மறைந்த இடத்தில் புற்றுச்செல்கள் உயிரோடு இருப்பது அபூர்வம் இல்லை. அறுவை மேசையில் கல்லீரல் மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தேடும்போது, எந்த மூலையில் தேடுவது என்று மருத்துவருக்குக் காட்ட அந்தப் பழைய எம்ஆர்ஐ படம்தான் இருக்கும்.