தை மாதத்திலும் கத்தரிக்காய் காய்க்கும் என்று விற்கப்படும் பெட்டிகள்: ஒன்ராறியோவில் தோட்டம் செய்வோரின் கவனத்துக்கு

ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் பின்வளவில் தோட்டம் செய்யும் தமிழ்க் குடும்பங்களைத் தேடி வந்து, 'கோல்ட் பிரேம்' எனப்படும் பயிர்ப்பெட்டிகளை ஒரு விற்பனையாளர் பொருத்திக் கொடுத்து வருகிறார். "அம்மா, இனி நீங்கள் விமானத்தில் வரும் கத்தரிக்காயை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை; தை மாதத்திலும் இந்தப் பெட்டிக்குள்ளேயே பிடுங்கலாம்" என்று அவர் என் தாயாரிடம் உறுதி கூறினார். பச்சைமிளகாய், பாகல், கறிவேப்பிலை ஆகியவற்றுக்கும் அதே வாக்குறுதிதான். அதன் பேரில் எங்களிடமிருந்து 640 டொலர் பெற்றுக்கொண்டார். அவர் கூறியதும் பொய். கொடுத்த பொருளும் பொய்.

கோல்ட் பிரேம் மிகவும் பயனுள்ள ஒன்று என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அடிப்பாகம் இல்லாத ஒரு பெட்டியை மண்ணில் பதித்து, ஒளி புகும் மூடியைத் தெற்கு நோக்கிச் சரித்து வைத்தால், பகல் வெயிலின் சூடு மண்ணில் தங்கி, இரவுக் குளிரின் கடுமையைச் சில பாகைகள் குறைக்கும். இதனால் வசந்தத்தில் சில வாரங்கள் முன்னதாக விதைக்கலாம். ஐப்பசி உறைபனிக்குப் பின்னரும் கொத்தமல்லி, லெற்றூஸ், ஸ்பினாச், கேல் போன்றவற்றைத் தொடர்ந்து பறிக்கலாம். ஆயினும் ரொறன்ரோவில் நவம்பர் இரண்டாம் வாரம் முதல் பெப்ரவரி தொடக்கம் வரை பகற்பொழுது 10 மணித்தியாலத்துக்கும் குறைவாகவே இருப்பதால், குளிர் தாங்கும் கீரைகள்கூட அக்காலத்தில் ஏறக்குறைய வளராமல் நின்றுவிடும். ஆவணி, புரட்டாதியில் விதைத்து, குளிர் தொடங்குமுன் வளர்த்து எடுத்தவற்றை உயிரோடு வைத்திருந்து பறிப்பதே அங்கு சாத்தியம். 10 பாகை செல்சியசுக்குக் கீழேயே வளர்ச்சி குன்றிப்போகும் கத்தரியும் பாகலும், வெளியே மைனஸ் 15 பாகை நிலவும் இரவில் சூடாக்கி இல்லாத பெட்டிக்குள் தப்பிப் பிழைக்க வழியே இல்லை. எங்கள் கத்தரிக்கன்றுகள் கார்த்திகை பிறக்கும் முன்பே கருகிவிட்டன. அம்மா பல ஆண்டுகளாகச் சாடியில் வைத்து, குளிர்காலங்களில் வீட்டுக்குள் எடுத்துப் பாதுகாத்த கறிவேப்பிலை மரமும் அவர் பேச்சை நம்பிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, வேரோடு பட்டுப்போனது. பணத்தைவிட அந்த மரத்தின் இழப்பே எங்கள் வீட்டில் பெரிது.

மூடி இரட்டைச் சுவர் பொலிகாபனேற் என்னும் ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டால் ஆனது என்று அவர் சொன்னார். அத்தகட்டின் ஓரத்தைப் பார்த்தால், இரண்டு படைகளுக்கு இடையே வரிசையாகச் சிறு சதுரக் குழாய்கள் தெரியும். குளிரைத் தடுப்பது அவற்றில் அடைபட்டிருக்கும் காற்றே. எங்களுக்குப் பொருத்தப்பட்டதோ மெல்லிய ஒற்றைத் தகடு. பொலிகாபனேற் வளைந்து கொடுக்கும். எங்கள் தகடோ முதல் கனத்த பனிக்கே மூலைக்கு மூலை வெடித்தது, உடைந்த துண்டை விரலால் அழுத்தியதும் சடக்கென்று முறிந்தது.

பலகை புதிய சீடர் (cedar) மரம் என்றும் கூறியிருந்தார். மேலே பூசிய செந்நிறச் சாயம் உரிந்தபோது, மக்கு வைத்து அடைக்கப்பட்ட பழைய ஆணித்துளைகள் வெளிப்பட்டன. வெட்டுமுனை, பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரத்தைப் போலப் பச்சை நிறமாக இருந்தது. எங்கோ பிரித்தெடுத்த டெக் பலகை அது. கனடாவில் வீட்டுப் பாவனைக்கான மரங்களுக்கு ஆர்செனிக் கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றுவது 2003 ஆம் ஆண்டின் இறுதியில்தான் கைவிடப்பட்டது. ஆகவே வயது தெரியாத இத்தகைய பலகையை உண்ணும் கீரைக்கு அருகில் வைப்பது ஆபத்தானது. பலகைகளையும் அவற்றை ஒட்டியிருந்த மண்ணையும் அகற்றிவிட்டோம்.

பெட்டியை அவர் வைத்த திசையும் தவறானது. மார்கழி நடுப்பகுதியில் ரொறன்ரோவில் உச்சிவேளைச் சூரியனே அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்துக்குத்தான் எழும் என்பதால், தெற்கே ஒரு வேலி இருந்தால்கூட நிழல் நெடுந்தூரம் விழும். அவரோ வேலியின் வடபுறத்தில், மூடி வடக்கே சரியுமாறு பொருத்திச் சென்றார். மூடி தானாகத் திறப்பதற்கென்று தனியாகக் கட்டணம் பெற்றும், வெப்பத்தில் விரியும் மெழுகு உருளைக்குப் பதிலாக ஒரு சாதாரண முட்டுக்கொடுக்கும் தண்டையே பூட்டியிருந்தார்.

முறையிட்டபோது, "நீங்கள் ஒழுங்காகத் தண்ணீர் விடவில்லை" என்று அம்மாவைக் குறை கூறினார். பின்னர் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். எழுத்தில் அவர் எதுவும் தரவில்லை, பணமும் இ-ட்ரான்ஸ்பர் வழியாகப் போனதால் வங்கியால் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. ஆனால் ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 50 டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு வீட்டுக்கு வந்து செய்யப்படும் ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் கூறாமலே இரத்துச் செய்யலாம். உரிய பிரதி தரப்படாவிட்டாலோ பொய் கூறி விற்றிருந்தாலோ ஓராண்டு வரை அவகாசம் உண்டு. அந்த விதிகளைக் குறிப்பிட்டு, படங்களையும் இணைத்து, இரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.

வரும் வசந்தத்துக்கென்று அவர் இப்போதும் முற்பணம் வாங்கி வருகிறார் என்று அயலவர் கூறுகின்றனர். ஏற்கெனவே கொடுத்தவர்கள், மிகுதியைச் செலுத்துமுன் தகட்டின் ஓரத்தையும் பலகையின் வெட்டுமுனையையும் நேரில் பாருங்கள். பொருளின் விவரத்தையும் விலையையும் எழுத்தில் தர மறுத்தால், ஓராண்டு முடியும்வரை காத்திராமல் உடனே இரத்துக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.