நீதிமன்றக் கட்டட டெண்டர்: எதில் இறங்கலாம், எதை விட்டுவிடலாம்?

டிசைன்-பில்ட் என்றால் வரைபடமும் கட்டுமானமும் ஒரே ஒப்பந்ததாரர் தலையில். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று வித ஆட்டம் இருக்கிறது. தொகையை மட்டும் பார்த்துக் குறைந்தவருக்குக் கொடுப்பது ஒன்று. முதலில் தகுதி பார்த்துச் சிலரைப் பொறுக்கி, பிறகு டிசைனுக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போடுவது இன்னொன்று. டிசைன் ஓரளவு முடிந்தபின் விலை பேசிக்கொள்ளும் படிப்படியான முறை மூன்றாவது. மூன்றிலும் லாபத்துக்கு முன்னால் நான் பார்ப்பது ஒன்றுதான்: அரசு தரும் தேவைப் பட்டியலில் பிழை இருந்தால் யார் கை சுடும்?

நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி ரொம்பக் கூர்மையாக வரும். அலுவலகக் கட்டடத்தில் எல்லோரும் ஒரே லிஃப்டில் ஏறலாம். இங்கே பொதுமக்களுக்கு ஒரு பாதை, நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஒன்று, காவலில் வருபவர்களுக்கு ஒன்று. மூன்றும் விசாரணை அறைக்குள் மட்டும்தான் சந்திக்க வேண்டும். டெண்டர் ஆவணத்தில் இது 'பாதைகள் தனித்தனியாக இருத்தல் வேண்டும்' என்று ஒரே வரியில் முடிந்துவிடலாம். அந்த வரியைச் சரியாகப் படித்தவர் கைதிகளுக்குத் தனி லிஃப்ட், விசாரணை அறைகளை ஒட்டிய காவல் அறைகள், கூடுதல் படிக்கட்டு, அதற்கான தளப்பரப்பு என்று எல்லாவற்றுக்கும் விலை வைப்பார். படிக்காதவர் வைக்க மாட்டார். தொகை மட்டும் பார்க்கும் டெண்டரில் ஜெயிப்பது படிக்காதவர்தான். அப்புறம் நடப்பது தகராறு.

வரைபடம் அரசுடையதாக இருந்த பழைய முறையில் ஒப்பந்ததாரருக்கு ஒரு கவசம் இருந்தது. 1918-இல் ஸ்பியரின் என்ற ஒப்பந்ததாரரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தான் கொடுத்த வரைபடம் சரியானது என்று அரசு உறுதி தந்ததாகவே பொருள், அதைப் பின்பற்றிக் கட்டியவர் வரைபடத்தின் குறைக்குப் பொறுப்பல்ல என்றது. டிசைன்-பில்ட்டில் வரைபடம் உங்களுடையது, கவசமும் பெரும்பாலும் போய்விடும். மிச்சம் எவ்வளவு என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிட்டு, பல நாடுகளில் புழங்கும் முன்மாதிரி ஒப்பந்தங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் நிறத்தை வைத்தே அவற்றுக்குப் பெயர். டிசைன்-பில்ட்டுக்கான மஞ்சள் புத்தகத்தின் 2017 பதிப்பில், தேவைப் பட்டியலைச் சரிபார்த்துப் பிழையைச் சுட்டிக்காட்ட, ஒப்பந்தத்தில் வேறு கெடு சொல்லாவிட்டால், வேலை தொடங்கும் தேதியிலிருந்து 42 நாள். அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் டெண்டர் நேரத்திலேயே கண்டிருக்க முடியாத பிழை என்றால் கூடுதல் காலமும் பணமும் கேட்கலாம். முழு வேலையையும் முடித்து ஒப்படைக்கும் ஒப்பந்தங்களுக்கான வெள்ளிப் புத்தகத்தில் சில விதிவிலக்குகள் போக, பட்டியலின் பிழையும் உங்கள் தலையில்தான். தொகை மட்டும் பார்க்கும் டெண்டர், அதோடு வெள்ளிப் புத்தக வாசகம் என்றால் நான் ஆவணமே வாங்க மாட்டேன்.

இரண்டு கட்டத் தேர்வு என் கணக்கில் இதைவிட மேல். அமெரிக்காவில் 1996 சட்டத்துக்குப் பிறகு கூட்டாட்சி அரசு பயன்படுத்தும் முறையில், முதல் கட்டத்தில் விலையே கேட்க மாட்டார்கள். தகுதியும் அணுகுமுறையும் மட்டும் பார்த்து, வழக்கமாக ஐந்து பேருக்கு மேல் போகாமல் அடுத்த கட்டத்துக்கு அழைப்பார்கள். ஐவரில் ஒருவர் என்றால் ஆர்க்கிடெக்டை உட்காரவைத்து மாதக்கணக்கில் வரையச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, இருபதில் ஒருவர் என்றால் சூதாட்டம். லாஸ் ஏஞ்சலஸ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு முதலில் போட்ட பெரிய திட்டம் செலவு எகிறிக் கைவிடப்பட்டது. பிறகு டிசைன்-பில்ட்டில் கிளார்க் கட்டுமான நிறுவனமும் எஸ்ஓஎம் ஆர்க்கிடெக்டுகளும் சேர்ந்து 24 விசாரணை அறைகளோடு 2016-இல் முடித்தார்கள்.

இதன் குறை, தோற்றவரின் செலவு. வரைபடம், மாதிரி, விளக்கக் கூட்டம் எல்லாம் கைக்காசு. தோற்றவருக்கும் ஒரு தொகை தருவதாகச் சில டெண்டர்களில் இருக்கும். அது உண்மையான செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். வாங்கிக்கொண்டால் உங்கள் யோசனைகளை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும் கூடவே வரக்கூடும். கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

படிப்படியான முறையின் அருமை தெரிய, ஒட்டுப்பலகையில் முழு அளவில் செய்து பார்க்கும் மாதிரி விசாரணை அறைக்குள் போக வேண்டும். நீதிபதி வந்து மேடையில் உட்கார்ந்து பார்க்கிறார். சாட்சியின் முகம் சரியாகத் தெரியவில்லை, மேடையை ஆறு அங்குலம் உயர்த்துங்கள் என்கிறார். பேச்சுக்கு ஆறு அங்குலம். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் போக வேண்டும் என்றால், அது ஆறடி நீளும். அந்த ஆறடி வழக்கறிஞர் மேசை இருக்கும் இடத்தைத் தின்னும், மேசை நகர்ந்தால் தரைக்கடியில் போகும் மின்வயர்க் குழாயும் நகரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் பொதுப்பணித் துறை அதிகாரி, மாற்றம் கேட்பவரோ நீதிபதி. அவரிடம் 'எழுத்தில் தாருங்கள், ஐயா' என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? விலை இன்னும் பேசாத நிலையில் இந்தப் பேச்சு நடந்தால் அந்தச் செலவு கணக்கிலேயே ஏறிவிடும். மொத்தத் தொகை முடிவான பிறகு நடந்தால், யார் கொடுப்பது என்று கடிதப் போக்குவரத்துதான்.

ஆனால் போட்டியில்லாமல் விலை பேசினார்கள் என்று தணிக்கையில் கேள்வி வரும் என்பதால், அதிகாரிகள் ஒவ்வொரு சப்-கான்ட்ராக்ட் கொட்டேஷனையும் திறந்து காட்டச் சொல்வார்கள். கணக்குப் புத்தகத்தைத் திறக்க விருப்பமில்லாத நிறுவனத்துக்கு இது ஒத்துவராது. விலை படியாவிட்டால் அரசு விலகிக்கொள்ளும் வழியும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதுவரை வரைந்ததற்கு முழுப் பணம் உண்டா, அந்த வரைபடத்தை வேறொருவரிடம் கொடுத்துக் கட்டினால் அதன் பிழைக்கு நீங்கள் பொறுப்பா என்ற இரண்டையும் டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.