கோத்தகிரி ரொட்டிக் கடையும் அரைக் கிலோ மாசியும்

முதலில் வழி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து படி இறங்கும் சந்தில், டெய்லர் கடைக்கும் உரக் கடைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட சின்ன இடம். மூன்று பெஞ்சு, ஒரு தோசைக்கல், வாசலை ஒட்டி விறகடுப்பு. யாரிடம் கேட்டாலும் "சிலோன் அக்கா கடையா?" என்று கை காட்டுவார்கள். காலை 6.30 முதல் 11 மணி வரை. மத்தியானச் சாப்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டு.

நான் உச்சிப்புளிக்காரன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரயிலில் மண்டபத்துக்கு முன்னால் வருமே, அந்த ஊர். போன வருடம் ஆசிரியர் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்தில் இடம் காலியில்லை, நீலகிரி விழுந்தது. "ஊட்டிப் பக்கமா! கொடுத்து வைத்தவன்" என்றார்கள் எல்லோரும். கொடுத்து வைத்தவனுக்கு முதல் மாதம் தூக்கமே வரவில்லை. குளிர் ஒரு பக்கம் இருக்கட்டும், சத்தமில்லாத இரவைத்தான் தாங்க முடியவில்லை. ஆடிக் காற்று பனையோலையைப் போட்டு அடிக்கிற அடியில் தூங்கிப் பழகியவன் நான். இங்கே எட்டு மணிக்கெல்லாம் ஊரே போர்வைக்குள் போய்விடுகிறது. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாய் நிற்கிறது. அதை அடுப்பருகே காட்டி உருக்கித் தலையில் தேய்த்தால், பஸ்ஸைப் பிடிப்பதற்குள் மறுபடி உறைந்துவிட்டதோ என்று தடவிப் பார்க்கத் தோன்றும்.

சமையலில்தான் சுத்தமாகத் தோற்றேன். சாயங்காலம் மாவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் என்பது கடலோரத்துக் கணக்கு. இங்கே விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடந்தது. கம்பளி சுற்றினேன், வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கினேன். ஒன்றரை நாள் கழித்துப் பாதி புளித்தது, இட்லி கல்லாகத்தான் வந்தது. துவரம்பருப்பைத் திறந்த சட்டியில் போட்டால் ஒரு மணி நேரம் கழித்தும் நடுவில் கடுக்கென்று நிற்கும்.

நானோ அறிவியல் வாத்தியார். தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி என்று பகலில் கரும்பலகையில் எழுதிவிட்டு, ராத்திரி பருப்போடு மல்லுக்கட்டுகிறவன். ஒரு நாள் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, ஆய்வகத்துத் தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். குமிழி குதிக்கிறது, ஆவி பறக்கிறது, பாதரசம் 94-ஐத் தாண்டவே இல்லை. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். நான் இத்தனை நாள் நடத்தியது உச்சிப்புளிக்கான பாடம். பிள்ளைகள் ஆச்சரியப்படவில்லை. "எங்க அம்மா குக்கர்லதான் சார் எல்லாமே வைக்கும்" என்றாள் முன்வரிசைப் பெண்.

ஹோட்டல்கள் இல்லாமலில்லை. பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு பெரிய ஹோட்டலில், ஊர் ஞாபகம் தாங்காமல் 280 ரூபாய்க்கு மீன்குழம்பு வாங்கினேன். ஐஸிலேயே பல நாள் கிடந்த மீன். முள்ளைத் தொட்டதும் சதை மாவாய் உதிர்ந்தது. குழம்பில் புளியைக் காணோம், தக்காளிதான் நீந்தியது. மீன் விஷயத்தில் எங்களை ஏமாற்ற முடியாது. அன்றைக்கு அறைக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்து, நன்றாகச் சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

இந்தக் கடை கண்ணில் பட்டது ஐப்பசியில். ஊட்டிக்கு ஆடி மழை என்றால் கோத்தகிரிக்கு ஐப்பசி மழை. மேற்கே தொட்டபெட்டா மறித்து நிற்பதால் தென்மேற்குப் பருவம் இங்கே அடக்கி வாசிக்கும், வடகிழக்கு வந்தால்தான் கொட்டும். எங்கள் ஊரிலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டே நனைந்து வந்தவன், ஒதுங்கத் தகரக் கூரையைப் பார்த்து நுழைந்தேன். உள்ளே தேங்காய் கல்லில் கருகுகிற வாசனை.

ரொட்டி என்றதும் பரோட்டாவை நினைக்க வேண்டாம். கோதுமை மாவு, கையளவு திருகிய தேங்காய், உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டையால் தேய்க்காமல் உள்ளங்கையால் தட்டி, சுண்டுவிரல் கனத்துக்குக் கல்லில் போடுகிறார். விரலாலேயே திருப்புகிறார். அங்கங்கே தேங்காய்ப் பூ கருகி, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று வருகிறது. இரண்டாவது ரொட்டி தின்கிறபோதுதான் எனக்கு உறைத்தது: இதற்கு மாவு புளிக்க வேண்டியதில்லை, தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை. கல் சூட்டுக்குக் கடல் மட்டமும் மலையுச்சியும் ஒன்றுதான். மலைக்கென்றே பிறந்த பலகாரம். கூடத் தருகிற பருப்பும் மைசூர்ப் பருப்பு. "அதுதான் தம்பி சட்டுனு வேகும்" என்றார். அன்றையிலிருந்து என் அறையிலும் துவரம்பருப்புக்கு விடுமுறை.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய், உப்பு வைத்து அம்மியில் தட்டி, எலுமிச்சை பிழிந்தது. காரம் காதில் ஏறும். ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. நாலைந்து நாள் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுறதில்லையா?"

திருப்பிக்கொண்டிருந்த ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "மாசி ஒங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"நான் ராமநாதபுரம் பக்கம்க்கா."

"அப்ப மண்டபம் கேம்ப்பு தெரியுமா?"

தெரியாமல் என்ன, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அக்காவுக்குச் சொந்த இடம் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானதை நான் தேர்வுக்குப் படித்ததோடு சரி. அதில் ஒருவர் ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1974-இல் ஏழு வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து, வந்தவர்களைத் தங்கவைக்கிற மண்டபம் முகாம். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், இப்போது டான்டீ என்கிறோமே, அதில் அப்பாவுக்கு வேலை கிடைத்து மலையேறியிருக்கிறார்கள்.

"அங்க பனியிலயே வளந்த பிள்ளைக. கேம்ப்புல மணல்ல கால வைக்க முடியல. சூடு தாங்காம ராத்திரியெல்லாம் அழுவேனாம், அம்மா ஈரத்துணியப் போத்தி விடுமாம். இந்த மலைக்கு வந்து தோட்டத்து லய வீட்டுல படுத்த அன்னிக்குத்தான் தூங்குனேன்."

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு முதலில் லேசாகக் கோபம்தான் வந்தது. எந்தக் காற்றை நினைத்து நான் மூன்று கம்பளிக்குள் உருண்டுகொண்டிருக்கிறேனோ, அதைப் போய் இப்படிச் சொல்கிறாரே என்று. அப்புறம் அந்த மணலை எனக்கும் தெரியும், சித்திரையில் செருப்பில்லாமல் நடந்தால் எங்களுக்கே கொப்புளிக்கும் என்பது நினைவுக்கு வந்தது. பேசாமல் இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

அரையாண்டு விடுமுறைக்குப் போனபோது அரைக் கிலோ மாசி வாங்கினேன். தெரியாதவர்களுக்கு: சூரை மீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் கட்டையாய்க் காயவைத்தது. கல்லில் தட்டினால் டொக்கென்று கேட்கும். நாலு தினத்தாள் சுற்றி, துண்டில் கட்டி, பைக்கு அடியில் வைத்தும் பயனில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை, குளிருக்கு ஜன்னல் எல்லாம் அடைத்த பஸ். இரண்டாவது கொண்டையூசி வளைவிலேயே கண்டக்டர் எழுந்து, "யாருய்யா கருவாடு?" என்றார். நான் வெளியே தேயிலைத் தோட்டத்தை வெகு நேரம் ரசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பொட்டலத்தைக் கொடுத்தேன். அக்கா ஒரு துண்டை எடுத்து அம்மி விளிம்பில் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், உடனே இடித்தார். சம்பலில் அது சேர்ந்ததும் வாசனையே வேறு. புகையும் கடலும் காரமும் ஒரே வாயில். எங்கள் வீட்டில் மாசியைக் குழம்பில்தான் போடுவோம், இப்படி யாரும் செய்து நான் தின்றதில்லை. ஆனாலும் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்கும் இரண்டு ரொட்டிக்கு 40 ரூபாய் வாங்கிக்கொண்டார். டீ மட்டும் கணக்கில் வரவில்லை.

டீ என்றால் பால் டீ அல்ல, சாயத்தண்ணி. கடுஞ்சாயம், சீனி, இஞ்சி ஒரு துண்டு. 10 ரூபாய். பால் கேட்டால் ஊற்றித் தருவார், முகத்தில் மட்டும் சம்மதம் இருக்காது.

குறைகளும் உண்டு. புதனும் சனியும் போடுகிற இடியப்பம் நன்றாக இருக்கும், கூட வரும் தேங்காய்ப்பால் சொதிதான் தண்ணீராக இருக்கும். தேங்காய் விலையைச் சொல்கிறார், இருக்கலாம், ஆனால் சொதிக்கு நான் 5-க்கு 2 நட்சத்திரத்துக்கு மேல் தரமாட்டேன். ரொட்டிக்கு 5 தாராளமாகத் தரலாம். விறகுப் புகை கண்ணைக் கரிக்கும். சுவரோரப் பெஞ்சு ஆடும், டீயைப் பெஞ்சில் வைக்காதீர்கள். கை கழுவுகிற தண்ணீரில் டிசம்பர் மாதம் கையை விட்டால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். ஜிபே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, சந்துக்குள் சிக்னல் வராது, சில்லறையோடு போங்கள். பார்சலுக்குத் தூக்குவாளி கொண்டுபோங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பை கிடையாது என்பது வெளியூர்க்காரர்களுக்கு இன்னும் மறந்துபோகிறது, வந்து நின்று விழிப்பார்கள்.

மாசிச் சம்பலை நம்பி யாரும் போக வேண்டாம். நான் ஊருக்குப் போய் வந்த வாரம் மட்டும்தான் அது கிடைக்கும், அதுவும் 9 மணிக்குள் தீர்ந்துவிடும். அடுத்தது ஜூனில் பள்ளி திறக்கும்போது. இந்த முறை ஒரு கிலோவாகக் கொண்டுவரச் சொல்லி அக்கா முன்பணமே கொடுத்துவிட்டார். அந்தக் கண்டக்டருக்கு வேறு ரூட் மாறியிருந்தால் தேவலை.