ஐஸ் இல்லாமல் கோழித் தடுப்பு மருந்து விற்க வருபவரிடம் கவனம்

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் வீட்டோடு புரொய்லர் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து குஞ்சு, தீன், மருந்து எல்லாவற்றையும் தானே தருகிற ஒருவரை நம்பி 150 குஞ்சு வாங்கினேன். 96 செத்துவிட்டன. மிச்சமும் எடை ஏறவில்லை.

12ஆம் நாள், கம்போரோ என்ற கோழி வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்துக் குப்பியைத் தோள் பையிலிருந்து எடுத்துத் தந்தார். ஐஸ் பெட்டி எங்கே என்று கேட்டேன். "அண்ணே, நம்ம ஊர்க் குளிரே பிரிஜ்தானே, ஒன்னும் ஆகாது" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. ஆனால் அந்த மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்தால்தான் அது பிழைக்கும். எங்கள் பக்கம் பகலில் 20 பாகையைத் தாண்டுவது சாதாரணம். குழாய்த் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னவர், தண்ணீரில் உள்ள குளோரினும் அதைக் கொன்றுவிடும் என்று சொல்லவே இல்லை.

நாலாம் கிழமை இருமலும் தும்மலும் தொடங்கின. பனிச் சளி என்று ஓர் அன்டிபயோட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் சாவு குறைந்து, திரும்ப ஏறியது. இன்னொன்று கொடுத்தார். அப்புறம் இன்னும் விலை கூடிய மூன்றாவது. செத்த கோழியை அறுத்துப் பார்ப்போம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கடைசியில் நானே செத்த மூன்று கோழிகளை அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அறுத்துக் காட்டினார். நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் மங்கி, உள்ளே கட்டி கட்டியாக மஞ்சள் சீழ். இதயத்தையும் ஈரலையும் மூடி வெள்ளைப் படலம். அது ஈ.கோலை பக்டீரியாவின் வேலை. அவர் அதோடு நிற்காமல், எச்சத்துவாரத்துக்கு மேலே இருக்கும் பர்ஸா என்ற சிறு பையைத் தேடி எடுத்தார். அந்த வயதில் திரண்டு இருக்க வேண்டியது, சுருங்கிக் கிடந்தது. நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் கலங்கள் முதிர்வது அந்தப் பையில்தான். கம்போரோ வைரஸ் அழிப்பதும் அவற்றைத்தான். மூன்று கிழமை ஆகுமுன் தொற்றினால் வெளியே ஒன்றும் தெரியாமலே இது நடந்து முடிந்துவிடுமாம். ஈ.கோலை எந்தக் கூட்டின் தூசியிலும் இருக்கிறது. நல்ல கோழி சமாளிக்கும். எதிர்ப்புச் சக்தி போன கோழிக்கு முடியாது. அன்டிபயோட்டிக் பக்டீரியாவைத் தடுக்கலாம், சுருங்கிய பையை நிமிர்த்தாது. குளிருக்குப் பயந்து நான் கூட்டைச் சாக்கால் இறுக்கி மூடியதில் அமோனியா ஏறி, மூச்சுக்குழாயும் பழுதாகியிருந்தது. அது என் பிழை.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோதே, "இறைச்சிக்குக் கொடுத்துருங்க, காசாவது வரும்" என்றார். மருந்து மிச்சம் இருக்கும் இறைச்சி, அதுவும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் தின்பது. நான் கொடுக்கவில்லை.

இப்போது பாதி விலைக்குப் புதுக் குஞ்சு தருவதாக போன் எடுக்கிறார். கம்போரோ வைரஸ் கூட்டில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எருவை அள்ளிக் கழுவி, கிருமிநாசினி அடித்து, கூட்டைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வாசலுக்கு வந்தால் முதலில் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், குப்பியின் காலாவதித் திகதியையும் பாருங்கள். இருமல் கேட்டால் அவரிடம் மருந்து வாங்காமல், செத்த கோழியோடு அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள்.