கொடைக்கானல் அடுப்படிக்கு எந்தக் குக்கர்?

மலையடிவாரத்து வத்தலக்குண்டில் இருக்கும் அக்கா போன வருடம் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கினாள். "ராஜ்மாவை ராத்திரி ஊற வச்சு, காலைல முப்பது நிமிஷம் போடு. வெண்ணெய் மாதிரி வெந்துரும்" என்று போனில் சொன்னாள். பொங்கலுக்கு வந்தபோது அதையே தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள். அவள் சொன்ன அதே முப்பது நிமிடம், அதே அளவு தண்ணீர். திறந்து பார்த்தால் தோல் மட்டும் பிரிந்து, உள்ளே நறுக்கென்று நிற்கிறது. "மெஷின்ல கோளாறு" என்றாள் அக்கா. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஊர்தான் வேறு.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,130 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் நான்கில் மூன்று பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும், எவ்வளவு கேஸ் எரித்தாலும், திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பு வேகாததற்குப் பருப்பைத் திட்டிப் பயனில்லை. மலையில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு பிரஷர் குக்கர் அரிசி மாதிரி அத்தியாவசியம். அதனால் பிரஷர் இல்லாத சாதாரண ரைஸ் குக்கரை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை.

சரி, போட்டியில் இருப்பவை மூன்று. கேஸ் அடுப்பில் வைக்கும் விசில் குக்கர், அதே குக்கரை இண்டக்‌ஷன் அடுப்பில் வைப்பது, அப்புறம் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்.

கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. நம் விசில் குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைக்கும். சமவெளியில் உள்ளே 120 டிகிரி வரும். கொடைக்கானலில் வெளிக்காற்றே குறைவு என்பதால் 116 டிகிரிதான். எலக்ட்ரிக் குக்கர்கள் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த அழுத்தத்தில், முக்கால் கிலோ அளவில்தான் ஓடுகின்றன. சமவெளியில் 116 டிகிரி, இங்கே 112 டிகிரி. அதாவது, அக்கா வீட்டு எலக்ட்ரிக் குக்கர் கீழே தரும் சூட்டை, என் பழைய அலுமினியக் குக்கர் மலைமேல் கேஸிலேயே தந்துவிடுகிறது. எலக்ட்ரிக் குக்கர் மலையேறும்போது இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. நாலு டிகிரிதானே என்று தோன்றும். ராஜ்மாவுக்கும் முற்றிய ஆட்டுக்கறிக்கும் அந்த நாலு டிகிரி பெரிய விஷயம்.

இதற்கு வழி நேரத்தைக் கூட்டுவதுதான். 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 5 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது பிரஷர் சமையலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாம் இருப்பது சுமார் 7,000 அடி. ஆக, கால் பங்கு கூடுதல். அக்காவின் முப்பது நிமிடம் இங்கே முப்பத்தெட்டு. மறுநாள் நாற்பது வைத்தேன், சரியாக வெந்தது. குக்கரில் இருக்கும் 'ராஜ்மா', 'மட்டன்' பொத்தான்களை நம்ப வேண்டாம், அவை சமவெளிக்காரர்களுக்காக வைத்தவை. நிமிடத்தை நாமே மாற்றிக்கொள்ளும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மலையில் இருப்பவர்களுக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை இதுதான்.

ராஜ்மா பற்றி இன்னொன்று, இது உடம்பு சம்பந்தப்பட்டது. அரைவேக்காட்டுச் சிவப்பு ராஜ்மாவில் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரி போல மிதமான சூட்டில் கிடந்தால் இன்னும் வீரியமாகிவிடும். எலக்ட்ரிக் குக்கர்கள் சிலவற்றில் 'ஸ்லோ குக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஊற வைத்த ராஜ்மாவை அதில் போடவே கூடாது. எந்தக் குக்கரானாலும் பிரஷரில் மட்டும் வேக வையுங்கள். நசுக்கிப் பார்த்து, நடுவில் கடிபட்டால் மறுபடி மூடுங்கள்.

கரண்ட் கணக்கு பயப்படும்படி இல்லை. ஆறு லிட்டர் எலக்ட்ரிக் குக்கர் பெரும்பாலும் 1,000 வாட். பிரஷர் ஏறும்வரைதான் முழுசாக ஓடும், பிறகு விட்டுவிட்டுத்தான் இழுக்கும். இருபத்தைந்து நிமிடம் விடாமல் ஓடினால்கூட 0.4 யூனிட் சொச்சம். ஆனால் குளிர்காலத்தில் ரூம் ஹீட்டரும் கீசரும் ஓடும் வீட்டில், இரண்டு மாதத்துக்கான இலவச யூனிட் எப்போதோ தாண்டியிருக்கும், அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இண்டக்‌ஷன் இங்கேதான் இடிக்கிறது. வேகத்திலும் அழுத்தத்திலும் குறை சொல்ல முடியாது, அதே வெயிட், அதே 116 டிகிரி. ஆனால் அது 1,800, 2,000 வாட் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக் வேண்டும். கொடைக்கானலின் பழைய ஓட்டு வீடுகளில் அடுப்படிக்கு அப்படி ஒயரிங் இருப்பது அரிது. எலக்ட்ரிக் குக்கருக்குச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே போதும். தவிர, அடியில் இண்டக்‌ஷன் பேஸ் இல்லாத அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது, புதுசு வாங்க வேண்டும். புது ஒயரிங் போட்ட வீடு என்றால் இண்டக்‌ஷனைத் தாராளமாக யோசிக்கலாம்.

இவற்றையெல்லாம் விட என் முடிவைத் தீர்மானித்தது மழை. 2018 நவம்பரில் கஜா புயல் மலையைத் தாண்டிப் போனபோது மரங்கள் சாய்ந்து, ரோடு மூடி, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் சோறு போட்டது கேஸும் விசில் குக்கரும்தான். புயல் வேண்டாம், சாதாரண மழையிலேயே ஒரு கிளை லைன் மேல் விழுந்தால் அன்றைய சமையல் பாதியில் நிற்கும். எலக்ட்ரிக் குக்கர் பாதி வெந்த நிலையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பிரஷர் இறங்கும்வரை திறக்கவும் முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் தாங்கும், 1,000 வாட்டைத் தாங்குவது கஷ்டம். அதே சமயம் கேஸுக்கும் இங்கே கஷ்டம் உண்டு. மார்கழிக் குளிரில் சிலிண்டர் முடியும் தறுவாயில் தீ சுணங்கிப் போகும். மலைப்பாதையில் மண் சரிந்தால் சிலிண்டர் வண்டி ஏறாது. அதனால் ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

ரிப்பேர் விஷயத்தில் விசில் குக்கருக்கு இணையே இல்லை. கேஸ்கெட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றும் பஜாரில் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். அக்காவைப் பார்த்து நான் வாங்கிய எலக்ட்ரிக் குக்கர் ஆறாவது மாதம் சூடாகாமல் நின்றது. சர்வீஸுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி போய் வாங்கி வந்தேன். அந்த இரண்டு பயணச் செலவில் ஒரு சின்ன விசில் குக்கரே வாங்கியிருக்கலாம்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நல்ல விசில் குக்கர் உள்ள, ஆள் நடமாட்டம் உள்ள வீட்டுக்கு எலக்ட்ரிக் குக்கர் தேவையில்லை என்றுதான் சொல்வேன். விலை மூன்று நான்கு மடங்கு, அழுத்தம் குறைவு, தாளிப்பும் அதில் மந்தம். சந்தையில் பட்டர் பீன்ஸ் வாங்கி வந்து உரித்ததும் அன்றைக்கே குழம்பு வைக்கிறவர்களுக்கு விசில் குக்கரே வேகம்.

ஆனாலும் ரிப்பேராகி வந்த அந்தக் குக்கரை நான் விற்கவில்லை. இதே கொடைக்கானலில், நாயுடுபுரத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் காது மந்தம், விசில் கேட்காது. அடுப்பை மறந்துவிட்டு வாசல் வெயிலில் உட்கார்ந்து, இரண்டு முறை குக்கரின் அடி கருகியிருக்கிறது. இது நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடுகிறது, பிறகு 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்கிறது. ஐந்து மணிக்கே பனி இறங்கும் வீட்டில், ராத்திரி எட்டு மணிக்குச் சுடச்சுடச் சாப்பிடுகிறார். அதற்காக நான் கொடுத்த விலையைத் திரும்பவும் கொடுப்பேன்.

மூடிக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். துவரம்பருப்பு 12. கொண்டைக்கடலை 25. மட்டன் 32. ராஜ்மா 40. கீழே, கரண்ட் போனால் கேஸ் குக்கர் மேல் தட்டில்.