அடுக்குவதா, தேடுவதா? செகண்ட் லைஃப் இன்வென்டரியோடு பல ஆண்டுகள்

செகண்ட் லைஃப் என்னும் இணைய மெய்நிகர் உலகத்தில் நிலத்துக்கு அளவு உண்டு. அந்த நிலத்தில் எத்தனை பொருள் வைக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. நம் பொருள்களையெல்லாம் வைத்துக்கொள்ளும் இன்வென்டரிக்கு மட்டும் உச்சவரம்பும் இல்லை, வாடகையும் இல்லை. 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இந்த உலகத்தில் நெடுநாள் குடியிருப்பவர்களிடம் பல்லாயிரம் பொருள்கள் சேர்ந்து கிடப்பது சர்வசாதாரணம். இலவசமாகக் கிடைத்த தொப்பி, ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்த டெமோ ஆடை, ஏதோ ஒரு குழு அனுப்பிய நோட்கார்டு, இப்போது இல்லாத ஒரு தீவுக்கு வழிகாட்டும் லேண்ட்மார்க். எதுவும் இடத்தை அடைப்பதில்லை என்பதால் எதையும் எறிய மனம் வருவதில்லை.

இத்தனைக்கும் நடுவே வேண்டியதை எடுப்பது எப்படி என்பதில் குடியிருப்பாளர்கள் இரண்டு கட்சி. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு அடுக்குகிறவர்கள் ஒருபுறம்; எல்லாம் கிடக்கிறபடி கிடக்கட்டும், தேடல் பெட்டி இருக்கிறதே என்பவர்கள் மறுபுறம். இரண்டு கட்சியிலும் போதிய காலம் இருந்து பார்த்துவிட்டேன். பெயரைச் சொன்னால் அகப்படும் பொருளைத் தேடலிடம் விட்டுவிடலாம், பெயர் உதவாத பொருளை மட்டும் அடுக்கினால் போதும் என்பது என் முடிவு. ஆனால் எந்தப் பொருளுக்குப் பெயர் உதவும், எதற்கு உதவாது என்பது வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிவதில்லை.

புதிதாகச் சேர்பவருக்கு, இந்த உலகத்துக்குள் நுழைய உதவும் மென்பொருளான வியூவரே சில ஃபோல்டர்களைக் கொடுத்துவிடுகிறது: ஆடை, உடற்பகுதி, ஆப்ஜெக்ட், டெக்ஸ்சர், ஒலி, ஸ்கிரிப்ட், நோட்கார்டு, லேண்ட்மார்க், குப்பை என்று ஒரு நீண்ட வரிசை. இந்தப் பிரிவினை சர்வருக்கு வசதி, மனிதர்களுக்கு அல்ல. ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினால் அதனுடன் திரையில் தோன்றி நிறம் மாற்ற உதவும் ஹட் பலகை வரும், விளக்கம் சொல்லும் நோட்கார்டு வரும், கடைக்கு வழிகாட்டும் லேண்ட்மார்க் வரும். வகைப்படி பிரித்து வைத்தால் ஒரே பொருள் பல திசைக்குச் சிதறிப்போகும். அதைவிட விசித்திரம், 2011-இல் மெஷ் என்னும் முப்பரிமாண வடிவம் வந்த பிறகு நாம் வாங்கும் ஆடைகளில் பெரும்பாலானவை கணினியின் கண்ணுக்கு ஆடையே அல்ல. அவை உடலில் ஒட்டவைக்கும் ஆப்ஜெக்ட்கள். 'ஆடை மட்டும் காட்டு' என்று வடிகட்டினால் பழைய காலத்து வண்ணப்பூச்சு ஆடைகள் வந்து நிற்கும், நேற்று வாங்கிய மேலங்கி வராது. ஆகவே கடை கொடுத்த ஃபோல்டரை உடைக்காமல் முழுசாக வைத்துக்கொள்வதே நல்லது. வகைப்படி பிரிப்பவர்களின் பொறுமையை மதிக்கிறேன். பயன் இருப்பதாகத் தோன்றவில்லை.

சரி, தேடுவோம். கறுப்பு பூட்ஸ் வேண்டும். பெட்டியில் 'பூட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் கொட்டுகிறது: ஒரே காலணி, கடைகளில் விற்கும் ஐந்தாறு அவதார் உடல்களுக்கு ஐந்தாறு அளவில், ஒவ்வொன்றும் தனித்தனி வரி. இடையில் டெமோக்கள். பிரித்த பிறகும் எறியாமல் விட்ட பெட்டிகள். 'பிளாக் பூட்ஸ்' என்று சேர்த்துத் தட்டினால் அந்த இரண்டு சொல்லும் அதே வரிசையில் அருகருகே இருக்கும் பெயர் மட்டுமே வரும். 'பூட்ஸ் - பிளாக்' என்று பெயரிட்டவர் பொருள் வராது. சொற்களுக்கு நடுவில் இடைவெளிக்குப் பதில் கூட்டல் குறி போட்டால் இரண்டும் எங்கிருந்தாலும் அகப்படும். இந்தச் சின்ன உத்தி தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தேடலைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய உதவி, பெயருக்குப் பதிலாக உருவாக்கியவரை வைத்துத் தேடுவது. பொருளின் பெயர் மறந்துபோகும். யாருடைய கடையில் வாங்கினோம் என்பது அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

இவ்வளவு செய்தும் நான் தேடிய பூட்ஸ் வரவில்லை. காரணம் எளிது: அதன் பெயரில் 'பூட்ஸ்' என்ற சொல்லே இல்லை. செகண்ட் லைஃப் ஆடைக்கடைகளில் ஓர் உடைக்கு ஒரு பெண்ணின் பெயரை வைப்பது பெருவழக்கம். கடையின் பெயர், அதைச் சுற்றி நட்சத்திரமும் புள்ளியும், பிறகு யாரோ ஒரு பெண்ணின் பெயர், பிறகு உடலின் பெயர். அது காலணியா கவுனா என்று எங்கும் இருக்காது. தேடல் பெட்டி நம் மொழியைப் பேசுவதில்லை, விற்றவரின் மொழியைப் பேசுகிறது. தேடுபவர் கட்சி சறுக்குவது இங்கேதான்.

பெயரை மாற்றிவிட்டால் போயிற்று என்று தோன்றும். எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் உருவாக்கியவர் தரும் மூன்று அனுமதிகள் உண்டு: நகலெடுக்க, மாற்ற, கைமாற்ற. மாற்றும் அனுமதி இல்லாத பொருளுக்கு இன்வென்டரியில் பெயரைக்கூடத் தொட முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு என் வசதிக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சல்தான். ஆனால் ஃபோல்டர் என்னுடையது. அதன் பெயரில் யாரும் கைவைக்க முடியாது, அது தேடலிலும் அகப்படும். அதனால் பொருள் வந்து சேர்ந்த அன்றே ஃபோல்டர் பெயரின் முன்னால் என் சொற்கள் சிலவற்றைச் சேர்த்துவிடுகிறேன்: என்ன பொருள், என்ன நிறம், எந்தச் சமயத்துக்கு. 'பூட்ஸ் கறுப்பு முழங்கால் மழை' என்பது போல. அடுக்குகிற வேலை என்று நான் உருப்படியாகச் செய்வதில் பெரும்பகுதி இதுதான். அந்த ஃபோல்டர் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்பதைப் பற்றி அதன்பின் கவலைப்படுவதில்லை.

தேடலுக்குக் கண் தெரியாத இடங்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. முதலாவது பெட்டி. இன்வென்டரியின் எண்ணிக்கையைக் குறைக்கப் பழைய பொருள்களை ஒரு பெட்டிக்குள் போட்டு, அந்தப் பெட்டியை ஒற்றைப் பொருளாக எடுத்து வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. எண்ணிக்கை குறையும், உண்மை. ஆனால் பெட்டிக்குள் இருப்பது எதுவும் இன்வென்டரித் தேடலில் தெரியாது. பெட்டியின் பெயர் மட்டுமே தெரியும். பரணில் ஏற்றிய மூட்டைதான். போதாக்குறைக்குப் பெட்டிக்குள் ஃபோல்டர் போடவும் முடியாது, பொருள்கள் மட்டுமே போகும். பார்த்துப் பார்த்துக் கட்டிய அடுக்கு அங்கே தட்டையாகிவிடும். பெட்டி கட்டுவதென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நோட்கார்டில் எழுதி, அதைப் பெட்டிக்கு வெளியே, இன்வென்டரியில் வைத்திருப்பது அவசியம்.

இரண்டாவது இடம் இன்னும் வில்லங்கமானது. குடியிருந்த நிலத்தின் உரிமையாளர் ஒருமுறை நிலத்தைத் திருத்தியமைப்பதற்காக எல்லோருடைய பொருள்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். அது அவருடைய உரிமை, குறை சொல்வதற்கில்லை. திரும்பிய பொருள்கள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் வந்து விழும் என்று தெரியும். போய்ப் பார்த்தால் மேசையைக் காணோம், விளக்கைக் காணோம், ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது. தேடலிலும் மேசை இல்லை. பக்கத்தில் இருந்த ஐகானைக் கவனித்தபோதுதான் விளங்கியது: ஒற்றைக் கனசதுரமாக இருக்க வேண்டியது, பல கனசதுரங்கள் ஒன்றாகச் சேர்ந்த படமாக இருந்தது. சேர்த்துத் திருப்பப்பட்ட பொருள்கள் ஒரே கொத்தாகி, கொத்திலுள்ள ஏதோ ஒன்றின் பெயரைத் தாங்கி வருகின்றன. மேசை, விளக்கு, கம்பளம் எல்லாம் அந்த 'நாற்காலி'க்குள். அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் மொத்தக் கொத்தையும் நிலத்தில் இறக்க வேண்டும். அத்தனையையும் தாங்கும் கொள்ளளவு நிலத்துக்கு இல்லையென்றால் ஒன்றுகூட இறங்காது. நகலெடுக்க முடியாத பொருள் உள்ளே இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் அது இறங்கியதும் இன்வென்டரியில் பிரதி இருக்காது. யாரும் பொருள்களை இறக்கிப் பார்க்க விட்டிருக்கும் பெரிய மணல்வெளி (சாண்ட்பாக்ஸ்) ஒன்றுக்குப் போய் இறக்கி, ஒவ்வொன்றாகத் தனித்தனியே எடுத்துக்கொண்டேன். அந்த ஃபோல்டரை மட்டும் இன்றுவரை தேடலை நம்பி விடுவதில்லை; கண்ணால் பார்த்துக் காலி செய்கிறேன்.

தேடல் என்றால் இன்னொரு நடைமுறைச் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பொருள்களின் பட்டியல் சர்வரில் இருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகு வியூவர் அதை இழுத்துக்கொண்டுவந்து சேர்க்கிறது. முழுவதும் வந்து முடியும் முன் தேடினால் இருப்பதும் இல்லாதது போலத் தோன்றும். பொருள் தொலைந்துவிட்டது என்று பதறுபவர்களில் பலருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எண்ணிக்கை ஏறுவது நிற்கும்வரை காத்திருந்தால் போதும். அப்படியும் வராவிட்டால் கூட்டமில்லாத ஒரு பகுதிக்குப் போய், வியூவர் நம் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை, அதாவது கேஷை, காலி செய்துவிட்டு மறுபடி நுழைந்து பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தட்டையாகக் குவித்து வைப்பவர்களுக்கு இதில் தொல்லை அதிகம். பல ஆயிரம் பொருள்கள் ஒரே மட்டத்தில் கிடந்தால் உள்ளே நுழைவதே சிரமமாகிவிடும். அடுக்கவே மாட்டேன் என்பவர்கள்கூட ஆண்டுக்கொரு ஃபோல்டர் போட்டுப் பழையதை அதற்குள் தள்ளிவிடுவது நல்லது.

இந்தச் சண்டை மெய்நிகர் உலகத்துக்கு மட்டும் உரியதல்ல. மின்னஞ்சலை ஃபோல்டர் போட்டு வைப்பவர்கள் அதற்கான பலனை அனுபவிக்கிறார்களா என்று ஸ்டீவ் விட்டேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 345 பயனர்கள், பழைய கடிதத்தைத் திரும்ப எடுத்த 85,000-க்கு மேற்பட்ட தருணங்கள். ஃபோல்டர் போட்டவர்கள் கூடுதலாக வெற்றி பெறவில்லை. தேடுபவர் கட்சிக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் மின்னஞ்சலில் கடிதத்தின் முழு உரையும் தேடலுக்குக் கிடைக்கிறது. ஒரு மெஷ் மேலங்கியின் உள்ளே தேட என்ன இருக்கிறது? பெயர், ஒரு வரி விளக்கம், உருவாக்கியவர், நாள். பெயரும் 63 எழுத்துக்கு மேல் போகாது.

அதோடு, தேடல் நாம் நினைவில் வைத்திருப்பதைத்தான் எடுத்துத் தரும். மறந்துபோன பொருளை யாரும் தேடுவதில்லை. தாமஸ் மலோன் 1983-இல் அலுவலக மேசைகளை ஆராய்ந்தபோதே, மேசைமேல் குவிந்து கிடக்கும் காகிதங்களுக்கு நினைவூட்டும் வேலையும் இருக்கிறது என்று எழுதினார். இன்வென்டரியில் அந்த வேலையைச் செய்வது எனக்கு 'அவுட்ஃபிட்' ஃபோல்டர்கள். 2010-இல் வியூவரின் இரண்டாம் பதிப்போடு வந்த லிங்க் வசதியால், அதாவது மூலப்பொருளைச் சுட்டும் குறுக்குவழியால், ஒரே பூட்ஸை அசையாமல் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு பத்து உடைத்தொகுப்புகளில் சேர்க்கலாம். 2023 முதல் ஃபோல்டருக்கும் பொருளுக்கும் சிறுபடம் வைக்கவும் முடிகிறது. இன்று என்ன உடுத்தலாம் என்று படங்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது, பெயரே நினைவில்லாத ஒரு கோட்டு கண்ணில் படுகிறது. தேடல் பெட்டியில் இது ஒருநாளும் நடக்காது. வீட்டுச் சாமான்களுக்கும் இதே வழியைக் கையாண்டு பார்த்தேன், அவ்வளவு சுகப்படவில்லை. மேசையை யாரும் தினம் மாற்றுவதில்லை.

லிங்க் பற்றி ஒன்று. மூலப்பொருளை எந்த ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் லிங்க் அறுந்துபோகாது, அதன் அடையாள எண் மாறாதவரை. ஆனால் பழையதை நீக்கிவிட்டு, கடையிலிருந்து மறுபடி வரவழைத்து வைத்தால், பெயர் ஒன்றே ஆனாலும் அது வேறு பொருள். பழைய தொகுப்புகளில் லிங்க் உடைந்து நிற்கும். பெரிய துப்புரவுப் பணிக்குப் பிறகு அவதார் தலைமுடி இல்லாமல் நிற்பதற்கு வழக்கமான காரணம் இதுதான். நீக்குவதற்கு முன் 'ரிப்ளேஸ் லிங்க்ஸ்' கருவியால் புதியதை அந்த இடங்களில் பொருத்திவிடலாம்.

நகலெடுக்க முடியாதவற்றுக்கு மட்டும் நான் தனி அலமாரி போல ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். 2021-இல் லிண்டன் லேப் 'கச்சா' (gacha) விற்பனையை, அதாவது காசு போட்டால் குலுக்கலில் ஏதோ ஒரு பொருள் வரும் முறையை, தடை செய்யும் முன் அப்படி வாங்கிக் குவித்தவை அதில் பெரும்பகுதி. கைமாற்றலாம், நகலெடுக்க முடியாது, தொலைந்தால் தொலைந்ததுதான். மற்றவை தவறினால் பெரும்பாலும் கடையில் மறுபடி வாங்கிக்கொள்ள வழி இருக்கும். அடுக்குவதற்குச் செலவிடும் நேரத்தை இவற்றின்மேல் செலவிட்டால் தகும். செகண்ட் லைஃப்பைப் போன்றே இயங்கும் ஓபன்சிமுலேட்டர் உலகங்களில் ஐ.ஏ.ஆர். கோப்பாக இன்வென்டரியை மொத்தமாகச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. செகண்ட் லைஃப்பில் அது இல்லாதது பெருங்குறை.

புதிதாக வருபவர் கேட்டால் இவ்வளவு சொல்வேன்: டெமோவைப் போட்டுப் பார்த்த கையோடு எறியுங்கள், வாங்கியதைப் பிரித்த கையோடு பெட்டியை எறியுங்கள், ஃபோல்டருக்கு உங்கள் சொற்களில் பெயர் வையுங்கள். ஏற்கெனவே மலையாகக் குவித்துவிட்டவர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடுக்கத் தொடங்க வேண்டாம். அந்த வேலை பாதியில் நிற்கும், பாதி அடுக்கிய இன்வென்டரி அடுக்காததைவிட மோசம்: எது எங்கே போனது என்பதும் தெரியாது, பழைய இடமும் நினைவிலிருந்து போய்விடும். எப்போதாவது ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறீர்களே, அப்போது அதன் ஃபோல்டருக்கு மட்டும் பெயர் மாற்றிவிட்டு நகருங்கள். லேண்ட்மார்க்குகளை விட்டுவிடலாம், பாதி இடங்கள் இப்போது கடலாக இருக்கும்.