பஞ்சரத்ன கோஷ்டி வகுப்பு, நங்கநல்லூர்: சேரலாமா?

பணி ஓய்வுக்குப் பிறகு பாட்டு வகுப்பு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நங்கநல்லூரில் ஒரு வீட்டு மாடிக் கொட்டகையில் சனிக்கிழமை மாலை நடக்கிறது. தியாகராஜர் நினைவாக வருஷா வருஷம் நடக்கும் ஆராதனைக்கு, அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் கோஷ்டியாக, அதாவது எல்லோரும் சேர்ந்து, பாடத் தயார் செய்கிறார்கள். மாதம் 800 ரூபாய். சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்களை முடித்து நாலைந்து கீர்த்தனையாவது பாடியிருந்தால்தான் டீச்சர் சேர்த்துக்கொள்வார்.

டீச்சரின் குரல் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். காது பிரமாதம். முன்பு நான் போன வேறொரு வகுப்பில் வாத்தியார் உருகி உருகிப் பாடுவார். நாங்களும் கூடவே முணுமுணுப்போம். எல்லாம் வந்துவிட்ட மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் பல்லவியே நிற்காது. இவர் ஒரு தடவை பாடிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அப்புறம் நாங்கள்தான். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பின்வரிசையில ரிஷபம் ஏறுது" என்பார். 'ரி' ஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே போகிறது என்று அர்த்தம். யார் என்று சொல்வதில்லை. ஏற்றியவருக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தில் ஒன்றான கௌளை ராகக் கீர்த்தனையில் இது அடிக்கடி நடக்கும். அந்த ரிஷபம் நன்றாகத் தாழ்ந்து நிற்க வேண்டியது. கூட்டமாகப் பாடும்போது எல்லோருமாகச் சேர்ந்து தூக்கிவிடுவோம். அதற்கு அவர் வைத்திருக்கும் வைத்தியம், ஆதார சுருதி ஒலிக்கும் சுருதிப் பெட்டியைப் பாதியில் அணைத்துவிடுவது. சரணம் முடிந்ததும் மறுபடி போடுவார். நாங்கள் எங்கே போய் நிற்கிறோம் என்று அந்த நொடியில் எல்லோர் காதிலும் விழும். திட்டு தேவையே இல்லை.

கோஷ்டியின் இன்னொரு வியாதி ஓட்டம். சரணத்தில் ஸ்வரம் வந்தால் போதும், காலப்பிரமாணம் பறந்துவிடும், வேகம் கூடிக்கொண்டே போகும். முன்வரிசை ஸ்வரம், பின்வரிசை சாகித்யம் (பாட்டின் வரிகள்) என்று பிரித்துக் கொடுத்து, தாளம் மட்டும் எல்லோரும் போட வேண்டும் என்கிறார். ஆதி தாளம்தானே என்று அலட்சியமாக இருந்த ஆசாமிகள் இப்போது கையைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

சுருதி விஷயம் ஆண்களுக்குக் கஷ்டம்தான். பெண்கள் அதிகம் என்பதால் சுருதியை நாலு கட்டையில், ஆண்களுக்கு உயரமான இடத்தில், வைத்திருக்கிறார். "எட்டாத இடத்துல கத்தாதீங்க மாமா, கீழ் ஸ்தாயியில பாடுங்க, இல்லன்னா தாளம் போடுங்க" என்று என்னிடமே சொன்னார். சரி, நியாயம்தான்.

ஐந்தில் இன்னொன்று வராளி ராகம். அதை குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் சிஷ்யரோடு மனக்கசப்பு வரும் என்பது பழைய நம்பிக்கை. செல்போனில் பதிவு செய்யவே விடாதவர், வராளிக்கு மட்டும் பழைய ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். தப்பு வந்தால் மட்டும் விரலைத் தூக்குவார். நம்பிக்கையையும் காப்பாற்றியாகிவிட்டது, பாட்டும் வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. ஆறு மணி என்றால் ஆறே கால் ஆகும். அவர் கையெழுத்தில் வரும் ஸ்வர நகல் எனக்கு மருந்துச் சீட்டு மாதிரி. தெலுங்கு அர்த்தத்தை ஓட்டமாகச் சொல்லிப் போய்விடுகிறார். நாட்டை ராகக் கீர்த்தனை மட்டும் சம்ஸ்கிருதம் என்பதால் அங்கே இன்னும் வேகம். எதை வேண்டிப் பாடுகிறோம் என்று தெரியாமல் பாடுவது எனக்கு ஒப்பவில்லை.

நிரவல், கல்பனாஸ்வரம் என்று சொந்தக் கற்பனையில் விரித்துப் பாடும் ஆசை, தனிக்கச்சேரி ஆசை உள்ளவர்கள் வேறு இடம் பார்க்கலாம். மற்றவர்களுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆராதனை முடிந்த பிறகுதான் புது ஆட்களைச் சேர்க்கிறார். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டுவலிக்காரர்கள் பார்த்து ஏறுங்கள்.